வாசற்படியில் இரண்டு நாள்

கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் பூனைகள் அதிகம் வருவதில்லை. பசுவுக்கு மடிநோய், ஆட்டுக்குக் கழிச்சல், சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி முகாம் என்றே நாள் ஓடிவிடும். ஆகவே, பூனைக்குட்டிகளை வெளியே பழக்குவது பற்றி இன்று நான் உறுதியாகச் சொல்லும் பெரும்பாலானவற்றைப் படிப்பிலிருந்து பெறவில்லை. என்னுடைய மூன்றாவது பணியிடத்தின் மருந்து வைப்பறையில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் குட்டி ஈன்ற ஒரு மூவண்ணப் பூனையிடமிருந்தே பெற்றேன்.

அது மாசி மாதம். கறுப்பு ஒன்று, சாம்பல் வரி ஒன்று, மஞ்சள் ஒன்று என மூன்று குட்டிகள். பத்தாம் நாளை ஒட்டிக் கண் திறந்தன. முதல் மூன்று வாரங்களில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிகளுக்குச் சிறுநீர்கூடப் பிரியும் என்பதாலும், உடற்சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள அவற்றால் இயலாது என்பதாலும், அந்த அறைக்குள் தேவையின்றி யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். நான்காம் வாரத்தில் கால்கள் உறுதிப்பட்டு, குட்டிகள் அறையின் வாசற்படி வரை வந்து உட்காரத் தொடங்கின. தாய், ஆறடி தொலைவில் வேப்பமரத்தடி வெயிலில் படுத்துக்கொண்டு, தொண்டைக்குள் உருளும் ஒரு குறுகிய ஒலியால் அவற்றை அவ்வப்போது கூப்பிட்டது. குட்டிகள் தலையை நீட்டும். மூக்கு இடைவிடாமல் அசையும். ஒரு கால் படிக்கு வெளியே போகும், மறுபடி உள்ளே வந்துவிடும். இப்படியே இரண்டு நாள் போயிற்று.

அந்த இரண்டு நாளை நான் தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் என் பிழை. மருந்தகத்தில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில், மூன்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு முற்றத்தின் நடுவில் இறக்கிவிட்டேன். வரிக்குட்டி வயிறு தரையோடு ஒட்டப் பதுங்கி அசையாமல் கிடந்தது. கறுப்பு கத்திக்கொண்டே சுற்றிச்சுற்றி வந்தது. மஞ்சள் குட்டி, எதிரே இருந்த நிழலை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடிற்று. அந்த நிழல், ஆடுகளை ஏற்றி வந்திருந்த ஒரு சுமை ஆட்டோவினுடையது. ஆடு வளர்ப்பவர் வண்டியைக் கிளப்பப் போகும் நேரத்தில் எங்கள் பராமரிப்பு உதவியாளர் குறுக்கே நின்று தடுத்திராவிட்டால், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மனம் வந்திருக்காது. எஞ்சினுக்கு அருகிலிருந்த இடுக்கிலிருந்து குட்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உடலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கையில் எடுத்தபோது அதன் இதயம் என் விரல்களில் அதிர்ந்தது.

“நாமளே தூக்கிட்டு வந்து விட்டுட்டோம் சார், அதுக்கு வந்த வழி தெரியாதே” என்றார் உதவியாளர். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் முழு விளக்கமும் இருந்ததை அன்றிரவு யோசித்தபோதுதான் உணர்ந்தேன். படியில் உட்கார்ந்திருந்த குட்டி, உள்ளேயிருந்து வரும் தன் வாசனைக்கும் வெளியேயிருந்து வரும் புதிய வாசனைகளுக்கும் நடுவில் இருந்துகொண்டு, எதிலிருந்து எது எவ்வளவு தொலைவு என்பதைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. மூன்றடி போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் அது திரும்பும் வழியைப் பழகிக்கொண்டிருந்தது. பெட்டியில் போனபோது அந்த வழி அதற்குக் கிடைக்கவில்லை. அஞ்சிய குட்டிக்கு ஓடுவதற்கு இருட்டு மட்டுமே தெரியும்; வீடு தெரியாது.

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அன்றிரவே தாய் மூன்றையும் கழுத்தைக் கவ்வி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டு விறகு அடுக்கில் இருப்பதாகத் தெரிந்தபோதும் நான் அங்கே போகவில்லை. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதையும் பூனைக்குட்டியைத் தாயே சுமப்பதையும் வைணவ மரபு இரு நியாயங்களாகச் சொல்லும். தென்கலையார் பூனையை எடுத்துக்காட்டிச் சரணாகதியை விளக்குவார்கள். தத்துவத்தில் குறை காண எனக்குத் தகுதியில்லை. பூனையைப் பார்ப்பவனாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: இடம் மாற்றுவதற்கும் ஆபத்துக்கும்தான் தாய் கவ்வுகிறதே தவிர, உலகத்தைக் காட்டுவதற்கு அது குட்டியைக் கவ்விக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. குட்டிக்கு முன்னால் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்துக் காத்திருக்கிறது.

எட்டாம் நாள் தாய் திரும்பி வந்தது. பின்னால் கறுப்பும் வரியும் தம் காலால் நடந்து வந்தன. மஞ்சளை மட்டும் அது வாயில் கொண்டுவந்தது.

அதன் பிறகு, பூனை வளர்க்கும் வீட்டார் கேட்கும்போது சொல்ல எனக்கு ஒரு முறை உருவாயிற்று. கதவைத் திறந்துவைத்துவிட்டுக் குட்டியின் பின்னால் உட்காருங்கள். அதன் முன்னால் போகாதீர்கள். உணவு வேளைக்குச் சற்று முன், பசி இருக்கும்போது திறந்தால், தட்டைத் தட்டும் ஓசைக்கு அது திரும்பி வரும். வெயில் ஏறாத காலை நேரம் நல்லது. கிணற்றுக்கு மூடி வேண்டும், எலி மருந்து எங்கும் இருக்கக் கூடாது, நிற்கும் வண்டியைக் கிளப்புவதற்கு முன் பானெட்டைத் தட்ட வேண்டும். குட்டி ஓடி ஒளிந்தால் துரத்தக் கூடாது. வாசலில் அதன் படுக்கைத் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. மனிதரோடும் புதியவற்றோடும் குட்டியின் மனம் எளிதாக இணங்கும் காலம் 2 முதல் 7 வாரம் வரை என்பதை, 1980-களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் காட்டின. ஆனால் தடுப்பூசியோ 6 முதல் 8 வாரத்தில்தான் தொடங்குகிறது. சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள்கள் ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால், 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி 12 வாரத்தில். பூனைகளைக் கொல்லும் பேன்லூக்கோபீனியா கிருமி, நோயுற்ற பூனை போன பிறகும் அந்த இடத்தில் ஓராண்டு வரை உயிர்த்திருக்கக்கூடியது. மனம் திறந்திருக்கும் காலத்தில் உடலுக்குக் காப்பில்லை. உடலுக்குக் காப்பு வந்தபோது மனம் பாதி மூடிவிடுகிறது. எனவே சிறு வயதில், பிற பூனைகள் வராத சொந்த முற்றமோ மொட்டைமாடியின் அடைத்த பகுதியோ போதும் என்கிறேன். மிக்சி ஓசை, விருந்தாளியின் குரல், ஒரு கொத்து புல் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே அறிமுகப்படுத்தலாம். தெரு, தடுப்பூசி முடிந்த பிறகு. பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வந்துவிடக்கூடும் என்பதால், கருத்தடை அறுவை சிகிச்சை செய்யாமல் தெருவுக்கு விடுவதை நான் ஏற்பதில்லை. இதில் என்னோடு வாதிட்ட வீட்டார் பலர், அடுத்த ஆண்டு அட்டைப்பெட்டி நிறையக் குட்டிகளோடு வந்து நின்றார்கள். அடுக்குமாடியின் உயர்ந்த தளங்களில் வளரும் பூனைக்கு வெளியுலகம் தேவையே இல்லை என்றும் சொல்லத் தயங்குவதில்லை. வலையடித்த பால்கனி அதற்குப் போதும்.

மஞ்சள் குட்டிக்கு அந்த ஒரு பிற்பகலின் அச்சம் நெடுநாள் நீங்கவில்லை. உடன்பிறந்தவை வேப்பமரத்தில் பாதி ஏறி இறங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த நாள்களிலும் அது வாசற்படியைத் தாண்டவில்லை. வண்டி ஓசை கேட்டால் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடும். நான் தினமும் மதிய உணவை அந்தப் படியின் அருகில், அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. சித்திரை பிறந்து சில நாள்களுக்குப் பின், ஒரு மதியம், என் முதுகுப்புறச் சட்டையை மூக்கால் தொட்டது. பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு படிக்கு வெளியே போய், மணலில் நான்கடி நடந்து, நின்று, திரும்பி அறைவாசலைப் பார்த்தது. ஓடி உள்ளே வந்தது. மறுபடி வெளியே போனது, இம்முறை எட்டடி.