குதிரைமுடி

மூணாறு எஸ்டேட் பள்ளியில் படித்த எங்கள் 1983 செட் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் எனக்குக் குதிரை என்றுதான் பெயர். பின்னால் சேர்ந்த இளையவர்கள் சிலர், நான் ஓட்டப் பந்தயத்தில் பெரிய ஆளாக இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. சார் போன மாதம் போடியில் காலமானார் என்று செய்தி வந்த பிறகு அப்படியே விட மனம் வரவில்லை.

எந்த சார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கக்கத்தில் அந்த நீள நோட்டு இல்லாமல் அவரை யாராவது பார்த்திருக்கிறோமா?

எட்டாம் வகுப்பில் அவர் தந்த வீட்டுப்பாடம் இதுதான்: அவரவர் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், நின்றால் தெரிகிற மலைக்கு என்ன பேர்? பேரை மட்டும் எழுதினால் அடி. சொன்னது யார், எங்கே நின்று சொன்னார், அங்கே என்ன வேலையாகப் போவார், இந்த மூன்றும் வேண்டும். சுவரில் தொங்கிய சர்வே மேப்பை அவர் நம்பவே மாட்டார். காதில் விழுந்ததை வெள்ளைக்காரன் தன் நாக்குக்கு வந்தபடி எழுதிவிட்டுப் போய்விட்டான் என்பது அவர் கட்சி. நல்லதண்ணி எஸ்டேட்டின் இங்கிலீஷ் போர்டை எழுத்துக்கூட்டி, “நுல்லடன்னி! இதைக் குடிச்சா தொண்டைல இறங்குமாடா?” என்பார். செண்டுவாரை, வாகுவாரை என்று எஸ்டேட் பேர்களை நாம் இழுத்தால் பிரம்பு மேஜையில் விழும். “வாரை இல்லடா, வரை. வரைன்னா மலை. சங்கப் பாட்டுல இருக்கிற சொல் உங்க பஸ் போர்டுல தொங்குது.” டாப் ஸ்டேஷனை மட்டும் ஏனோ திட்ட மாட்டார். 1924 வெள்ளத்தில் குண்டளை ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது; ஸ்டேஷன் மட்டும் ஊர்ப்பெயராக மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

என் அப்பத்தா விறகுக்குப் போகிறவள். அன்று சாயங்காலம் கட்டை இறக்கி, சும்மாட்டைப் பிரித்து உதறிக்கொண்டே பேரைச் சொன்னாள். கேட்டதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. விறகுக்காரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மாதிரி ஏதோ ஒரு பேர். இதைப் போய் வகுப்பில் எப்படிச் சொல்வது? 2,695 மீட்டர் ஆனைமுடி பக்கத்தில் இருக்கிறது, நாமும் ஒன்று வைத்துக்கொள்வோம் என்று ‘குதிரைமுடி’ என எழுதினேன். சொன்னவர் அப்பத்தா. நின்ற இடம் வாசல். பொய்க்கும் மூன்று விவரம் சரியாகக் கொடுத்திருந்தேன்.

சார் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரம், தேன் விற்க வந்த, முதுவர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை வகுப்புக்கே கூட்டிவந்துவிட்டார். கண்ணன், தேவன் என்று டீத்தூள் பாக்கெட்டில் இருப்பதே முதுவர் தலைவர்கள் பேர்தான், இவர்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது என்பார் சார். பெரியவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். “எதைக் கேக்குறீங்க? புல்மேடா, சோலையா, ஓடையா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேருல்ல?” மேப்பில் ஒரே மலையாக இருந்தது அவர் வாயில் ஐந்தாறாகப் பிரிந்தது. சார் வேகவேகமாக எழுதினார். என் மலை வந்தது.

“குதிரையா?” பெரியவர் சிரித்தே விட்டார். “அதுல ஆடே வழுக்கும். அந்தப் பக்கம் எங்க குடி இல்ல சாமி. விறகுக்குப் போற பொம்பளைகளக் கேளுங்க.”

வகுப்பு முழுக்கக் கனைத்தது. உங்களில் பாதிப் பேர் கனைத்தவர்கள்தான், மறுக்காதீர்கள். சார் நோட்டை என் முன்னால் வைத்து, என் கையாலேயே பேரை அடிக்கச் சொன்னார். பிரம்பை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்தக் கோபத்தில் அப்பத்தாவிடம் மறுபடி கேட்கவே இல்லை.

அப்புறம் நாம் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். திருப்பூர், துபாய், லண்டன். 1989இல் அப்பா ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பம் சங்கரன்கோவிலுக்கு இறங்கியது. அப்பத்தா அங்கே இன்னும் ஐந்து வருஷம் இருந்தாள். போனில் மருந்து வாங்கினாயா, பணம் வந்ததா என்று கேட்டேன். மலை ஞாபகம் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனபோதுதான், இங்கே உடன் வேலை செய்பவர்களுக்கு நம் மலை ஒன்றின் பேரை முதல்முறையாகச் சொன்னேன். ஒருத்தி அர்த்தம் கேட்டாள். முடி என்பதற்கு மட்டும் சொல்ல முடிந்தது.

சாரின் மகள் போன வாரம் நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். எங்கள் லயத்துக்கான வரியில் நான் அடித்த குதிரைமுடி. என் ஆத்திரம் பேனா அழுத்தத்தில் இன்னும் தெரிகிறது. கீழே சிவப்பு மையில், ‘அப்பத்தாவிடம் கேட்டு வரவும்.’ அதற்கும் கீழே, பென்சிலில், அதே குண்டு எழுத்து:

‘2.6.91. நேரில் போனேன். வீட்டில் வேறு குடும்பம்.’