க்வியோன் தள்ளிவிட்டானா?

நாலு வருஷமாக ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லிவர்பூலில் எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒரு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆளுக்கொரு பழங்கதை, காகிதத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. எனக்கு வாய்த்தது பக்கத்திலேயே இருக்கிற வேல்ஸ் நாட்டுக் கதை.

பாலா என்ற சின்ன ஊரை ஒட்டி டெகிட் ஏரி. வேல்ஸிலேயே பெரிய இயற்கை ஏரி அதுதான். அங்கே கெரித்வென் என்ற மந்திரக்காரி இருந்தாள், அவளுக்கு மோர்வ்ரான் என்று ஒரு மகன், பார்க்கச் சகிக்காத அவலட்சணம், கும்மிருட்டு என்ற அர்த்தத்தில் ‘அவக்தி’ என்றுதான் அவனைக் கூப்பிடுவார்களாம். அழகுதான் இல்லை, அறிவாவது இருக்கட்டும் என்று தாய்க்காரி ஒரு கொப்பரையில் மூலிகை போட்டுக் காய்ச்சுகிறாள். ஒரு வருஷமும் ஒரு நாளும் கொதிக்க வேண்டும். தீயைப் பார்த்துக்கொள்ள மோர்தா என்ற கண் தெரியாத கிழவர், கிண்டுவதற்கு க்வியோன் என்ற பொடியன். கடைசியில் தெறிக்கிற மூன்று சொட்டில்தான் எல்லா ஞானமும் இருக்கிறது, மிச்சமெல்லாம் விஷம். அந்த மூன்று சொட்டும் க்வியோன் விரலில் பட்டுவிடுகிறது. சுட்டதும் விரலை வாயில் வைக்கிறான். முடிந்தது கதை, கொப்பரையும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அப்புறம் துரத்தல். அவன் முயலானால் அவள் வேட்டைநாய், அவன் மீனானால் அவள் நீர்நாய், அவன் குருவியானால் அவள் பருந்து. கடைசியில் களத்து மேட்டில் கோதுமை மணியாகக் கிடந்தவனை அவள் கறுப்புக் கோழியாகிக் கொத்தி விழுங்கிவிடுகிறாள், ஒன்பது மாதம் கழித்து அவளே அவனைப் பெறுகிறாள். பிள்ளை அத்தனை அழகு, கொல்ல மனசு வரவில்லை. தோல் பையில் கட்டித் தண்ணீரில் விடுகிறாள். எல்ஃபின் என்பவன் மீன் பிடிக்கப் போன இடத்தில் அந்தப் பை கிடைக்கிறது. அந்தப் பிள்ளைதான் தலியெசின், ஒளிரும் நெற்றிக்காரன், கவிஞர்களுக்கெல்லாம் கவிஞன்.

இந்தக் கதையை வைத்து ‘உங்களையே மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று வார இறுதி வகுப்பு நடத்துகிறார்கள். ஒன்றுக்குப் போனேன். கட்டணத்தைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். கண்ணை மூடிக்கொண்டு ‘நான்தான் க்வியோன், எனக்கான மூன்று சொட்டு வந்துகொண்டிருக்கிறது’ என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன், கொஞ்சம் அழுகைகூட வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் எல்லாம் போய்விட்டது.

ஏதாவது மாறியது என்றால் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று பழைய பிரதியைத் தேடியபோதுதான். மேலே நான் சொன்னது, மோர்வ்ரானும் அவக்தியும் அங்கே தனித்தனிப் பிள்ளைகள் என்பதைத் தவிர, 19ஆம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் ஆங்கிலத்தில் பிரபலமாக்கிய வடிவம். அதில் சொட்டு தற்செயலாகத் தெறிக்கிறது, பையன் மேல் தப்பே இல்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் எலிஸ் க்ருஃபித் என்ற வேல்ஸ்காரர், பிரான்ஸின் காலே துறைமுகத்தில் சிப்பாயாக இருந்தவர், எழுதி வைத்த பழைய வடிவத்தில் கெரித்வென் மகனைக் கொப்பரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அசதியில் கண்ணயர்ந்துவிடுகிறாள். சொட்டு தெறிக்கும் நேரம் பார்த்து க்வியோன் மோர்வ்ரானைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிற்கிறான்.

தள்ளிவிட்டு! அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என்னை இங்கே படிக்க அனுப்பியது வீட்டை அடமானம் வைத்து. அனுப்ப இருந்தது அண்ணனை. ‘எனக்குத் தானா அமைஞ்சது’ என்றுதான் பத்தொன்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், எனக்கே அப்படித்தான் ஞாபகம். நடந்தது என்னவென்றால், ஒரு ராத்திரி அப்பா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘அண்ணனுக்கு இங்கிலீஷ் வராதுப்பா, பணம் வீணாப் போயிடும்’ என்று சொன்னேன். அண்ணன் நாலடி தள்ளிப் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அப்பா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டார், ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் என் பெயரில் விண்ணப்பம்.

அடுத்த மாதம் நூலகத்தில் பழைய வடிவத்தைத்தான் சொன்னேன். ‘தள்ளிவிட்டான்’ என்ற இடம் வந்ததும் குரல் கம்மிவிட்டது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். நேராகச் சொல்ல வரவில்லை, கதையாகத்தான் சொன்னேன், முழுசாக, கோழி விழுங்குகிற வரைக்கும், அப்புறம் திண்ணை விஷயம்.

‘அன்னைக்கு நான் தூங்கினேன்னா நினைச்சே?’ என்றான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அங்கே மிக்ஸி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அவனே, ‘சரி, அந்த மோர்வ்ரான் என்னடா ஆனான்?’

நல்லவேளை அது எனக்குத் தெரிந்திருந்தது. கில்ஹுக், ஒல்வென் என்ற இன்னும் பழைய கதையில் அவன் வருகிறான். ஆர்தர் மன்னரின் கடைசிப் போரான காம்லானில் யாருமே அவன் மேல் ஆயுதம் வைக்கவில்லையாம். மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஏதோ பிசாசு துணைக்கு வந்திருக்கிறது என்று ஒதுங்கிவிட்டார்கள், உடம்பெல்லாம் மான் மாதிரி ரோமம். பெரிய வீரர்களெல்லாம் செத்து விழுந்த போரில் தப்பித்தவர்களில் அவனும் ஒருத்தன். அண்ணன் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், எவ்வளவு அனுப்ப முடியும் என்று கேட்டான்.

இந்த மாதமும் என் முறைதான். மோர்வ்ரானிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் அந்தக் கிழவர் மோர்தாவை எங்கே கொண்டுவருவது என்று இன்னும் பிடிபடவில்லை. கெஸ்ட் வடிவத்தில், சொட்டு போன ஆத்திரத்தில் கெரித்வென் விறகுக் கட்டையால் அவர் மண்டையில் அடிக்கிறாள், ஒரு கண் பிதுங்கிக் கன்னத்தில் தொங்குகிறது. நான் ஒன்றும் செய்யவில்லையே என்கிறார். ஆமாம், நீ இல்லை, க்வியோன்தான் என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிடுகிறாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை இல்லை.