நாமினி கட்டத்தில் பாட்டி

அப்பா பணியில் இருக்கும்போதே காலமானார். வங்கிக் கணக்கும் காப்பீடும் ஓரளவு சுலபமாக முடிந்தன. இழுத்துக்கொண்டே போனது அவருடைய அலுவலக ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம்தான். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த சேமிப்பு, பங்குத் தொகை, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் என்று அங்கே கணிசமான பணம் இருந்தது. எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி, அந்தச் சங்கம் பேரவைக் கூட்டங்களில் கொடுத்தவை. தூக்குச்சட்டியின் அடியில்கூட சங்கத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும்.

செயலாளர் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். பழுப்பேறிய உறுப்பினர் படிவம். நாமினி கட்டத்தில் மைப் பேனாவில் பாட்டியின் பெயர், உறவுமுறை: தாய். திருமணத்துக்கு முன் எழுதியது, அதன்பின் யாரும் மாற்றவில்லை. "பாட்டி இறந்ததற்குச் சான்று கொண்டுவாருங்கள் சார், பிறகு வாரிசுகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் பாட்டியின் மரணம் எங்குமே பதிவாகவில்லை.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தகவல் கொடுத்தால் செலவில்லாமல் முடிகிற வேலை இது. ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதற்கு முன்பு, பதிவேட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும். இல்லாததற்கும் சான்று கொடுப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மனு போட்டதும் விசாரணைக்காகக் கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்பினார்கள். அவர் முதலில் கேட்டது இறந்த தேதி. அம்மாவுக்கு ஐப்பசி அமாவாசையை ஒட்டி என்பது மட்டும் நினைவிருந்தது. எந்த வருடம் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு.

கைகொடுத்தவர் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர். "பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்த கையோடு போனாள். நான் வார்டு உறுப்பினருக்கு நின்று தோற்றிருந்தேன், எனக்கு எப்படி மறக்கும்?" என்றார். பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தல் அது. வருடமும் மாதமும் உறுதியானதும், பழைய நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்தோம். பெரியவர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது, தோற்ற வாக்கு வித்தியாசத்தையும் அலுவலரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

அதன்பின் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். சொல்லிக்கொள்ளும்படி சிரமமில்லை.

கடைசியில் சங்கத்தில் இன்னொன்று கிளம்பியது. அப்பா ஒரு நண்பரின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தார். அந்தக் கடனில் சில தவணைகள் பாக்கி. அதைத் தீர்க்காமல் அப்பாவின் பணத்தை விடுவிக்க முடியாது என்றார்கள். அந்த நண்பரிடம் எப்படிக் கேட்பது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, விஷயம் காதுக்கு எட்டியதும் அவரே வந்து பாக்கியைக் கட்டி, தன் மைத்துனரை ஜாமீனாக மாற்றியும் கொடுத்தார். அந்த மைத்துனரும் அதே சங்கத்தில் உறுப்பினர். இந்த மாதிரிச் சங்கங்களில் கடன் வாங்குபவர், ஜாமீன் நிற்பவர், கூட்டத்தில் கணக்குக் கேட்பவர் எல்லோரும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பவர்கள். வங்கியில் இது நடக்காது.

தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு அப்போது இல்லை. குழுவுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் கையெழுத்திட வேண்டும். அவருக்கு வேறு சங்கங்களின் பொறுப்பும் இருந்ததால் அவர் வரும் நாள் பார்த்துக் காத்திருந்தோம். காசோலை அம்மாவின் பெயரில் வந்தது. தங்கையும் நானும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்.

நகராட்சியில் வீட்டு வரியை அம்மாவின் பெயருக்கு மாற்றவும் இதே காகிதங்களின் நகல்கள் போதுமானவையாக இருந்தன. அங்கே யாரும் பாட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.