மஞ்சள் பூவுக்குப் பின்னால் ஓடுகிற குறிப்புகள்

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

டேன்டிலயன் என்ற மஞ்சள் பூக் களையின் பருவம் தொடங்கிவிட்டது. வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் நியூகாசில் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை, பேருந்து நிறுத்தம், கல்லறைத் தோட்டம், கால்பந்துத் திடல் என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள்தான். எனக்கு மட்டும் மே நடுப்பகுதி வரை சனி ஞாயிறு கிடையாது. எந்த வகை டேன்டிலயன் என்று பெயர் சொல்ல வசந்தத்தில் முதல் சுற்றில் பூக்கிறபோது இருக்கும் இலைதான் கணக்கு. கோடையில் வரும் இலைகள், வெட்டுப்பட்டு மறுபடி துளிர்த்தவை, மிதிபட்டவை எல்லாம் ஒரே சாயலுக்கு வந்துவிடும், அவற்றை வைத்துப் பெயர் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட டேன்டிலயன் சிற்றினங்கள் பதிவாகியிருக்கின்றன. சொன்னால் சிரிக்கிறார்கள். இத்தனை இருக்கக் காரணம் எளிதுதான். இங்கே இருப்பவை பெரும்பாலும் மும்மடிச் செடிகள் (குரோமோசோம் தொகுதி மூன்று உள்ளவை), இருமடிச் செடிக்கு 16 குரோமோசோம் என்றால் இவற்றுக்கு 24. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கும், அந்த விதை அப்படியே தாயின் நகல். பூவனும் நேந்திரனும் கன்று வழியே காலம் காலமாகப் பூவனாகவும் நேந்திரனாகவும் இருப்பது மாதிரி (அவையும் மும்மடிதான்), இங்கே ஒவ்வொரு வரிசையும் தன் இலை, தன் காம்பு நிறம், பூவுக்கு அடியில் இருக்கும் தன் செதிலின் வளைவு என்று மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வாழைக்குக் கன்று, இதற்குக் காற்றில் பறக்கும் விதை, அவ்வளவுதான் வித்தியாசம். இதையெல்லாம் தனி இனம் என்று எண்ணலாமா என்ற சண்டை தாவரவியலில் ரொம்பப் பழையது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. பார்த்துப் பிரித்தறிய முடிகிறது, அடுத்த வருடமும் அதே போல வருகிறது, எனக்கு அது போதும்.

ஏப்ரல் 13, 2024, சனி

விட்லி பே பக்கம் மணல்மேடு. பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. மணலில் வளர்வது எரித்ரோஸ்பெர்மா பிரிவு, சின்னச் செடிகள், சீவிவிட்ட மாதிரி நுணுக்கமாகப் பிளந்த இலை, விதை காய்ந்தால் செம்பழுப்பு. பிராக்கிகிளாசம், லாசிஸ்டோஃபில்லம் இரண்டும் கிடைத்தன, இரண்டும் நாடு முழுக்க உள்ளவை. குளிர்காற்றில் மதியமே பூ மூடிக்கொண்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, 2024, ஞாயிறு

இன்று கொஞ்சம் எழுத வேண்டும்.

நகரத்தின் வடக்கே புதிதாகக் கட்டிய குடியிருப்பை ஒட்டி ஒரு ரவுண்டானா. சில வருடங்களுக்கு முன்தான் வெளியிலிருந்து மண் கொட்டிப் புல் விதைத்திருக்கிறார்கள். பழைய புல்வெளியை விட்டுவிட்டு இங்கே ஏன் போகிறாய் என்றால், நாட்டுக்குப் புதிதாக வந்த டேன்டிலயன்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் தலைகாட்டுகின்றன. புல்விதையோடு, தொட்டிச் செடியோடு, லாரிச் சக்கரத்து மண்ணோடு ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்து சேர்கின்றன.

அங்கே ஒரு முப்பது நாற்பது செடி, எல்லாம் ஒரே அச்சு. அடிச்செதில்கள் அகலமாக, வெளிறிய நீலப் பூச்சோடு, முழுதாகக் கீழே மடங்கியிருந்தன. இலைக்காம்பு பச்சை, இரண்டு பக்கமும் இறகு போல அகலம், லென்ஸ் வைத்துப் பார்த்தும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. நுனி மடல் நீண்டு கூராக இருந்தது. சூல்முடி கறுப்பேறிய பச்சை. கறுப்புத் துணியில் பூவைத் தட்டிப் பார்த்தேன், தூள் விழவே இல்லை. மகரந்தமே இல்லாத டேன்டிலயன்கள் உண்டு, சேர்க்கை தேவைப்படாத செடிக்கு மகரந்தம் எதற்கு? ஆனால் அப்படிப்பட்டவை குறைவு, அதனாலேயே அது பெரிய துப்பு.

மாலை முழுவதும் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஜான் ரிச்சர்ட்ஸ் 1972-இல் இந்தத் தீவுகளின் டேன்டிலயன்களை முழுதாகத் தொகுத்தார், 1997-இல் டட்மனோடு சேர்ந்து ஒரு கையேடு, 2021-இல் தனியாகக் கள வழிகாட்டி. இதே நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்த வழிகாட்டியின் பிரிவுச் சாவியில் (அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயருக்குப் போகும் பட்டியல்) போனால் சாதாரணச் சாலையோரப் பிரிவில் தடையில்லாமல் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு எங்கேயும் போக மாட்டேன் என்கிறது. மகரந்தமில்லாதவற்றில் காம்பு சிவப்பு, பச்சைக் காம்புள்ளவற்றில் செதில் ஒடுக்கம். இப்படியே ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.

மே 6, 2024, திங்கள்

வங்கி விடுமுறை. செடிகளை அழுத்தி உலர்த்திய தாள்களை முடித்தேன்.

செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அழுத்தலாம் என்று நினைக்கக் கூடாது, அரைமணி நேரத்தில் துவண்டுவிடும். அந்த இடத்திலேயே கத்தியால் வேர்த்தலையோடு எடுத்து, நடு வட்டத்து இலைகளை விரித்து, ஒரு பூவை நெடுக்காகப் பிளந்து செய்தித்தாளுக்கு நடுவே வைத்துப் பலகையை இறுக்கிவிட வேண்டும். காய்ந்ததும் நீலப் பூச்சு போய்விடும், காம்பின் நிறம் மங்கும், செதில் எந்தப் பக்கம் மடங்கியிருந்தது என்பது தட்டையான தாளில் தெரியாது. ஆகவே நிறத்தையும் மடிப்பையும் நின்ற இடத்திலேயே எழுதிவிட வேண்டும். தாளைத் திறக்கிற நிபுணருக்கு அந்த நாலு வரிதான் பாதிச் செடி.

அப்புறம் சீட்டு. இடம், தேதி, எடுத்தவர், வாழிடம், வரைபடக் கட்ட எண் என்.இசட். 26, வைஸ் கவுண்டி 67. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வைஸ் கவுண்டி விசித்திரமாக இருக்கும். வாட்சன் என்பவர் 1852-இல் பிரிட்டனைத் தாவரக் கணக்குக்காக 112 துண்டாகப் பிரித்தார். அதற்குப் பிறகு மாவட்ட எல்லைகள் எத்தனை முறை மாறினாலும் இவற்றை யாரும் தொடவில்லை, இல்லாவிட்டால் பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிடவே முடியாது. டைன் ஆற்றுக்கு வடக்கே நியூகாசில் 67, பாலம் தாண்டி கேட்ஸ்ஹெட் போனால் 66. அதனால் 67-க்குப் புதிது, 66-க்குப் பழையது என்று ஒரு செடி இருக்க முடியும். நாட்டுக்கே புதிது என்பது இதற்கெல்லாம் மேலே, அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, பிரிட்டன் அயர்லாந்து தாவரவியல் சங்கத்தின் நிபுணர் சொல்ல வேண்டும். நாளை தபாலில் போகிறது.

மே 19, 2024, ஞாயிறு

ரவுண்டானாவை மொட்டையடித்துவிட்டார்கள். விதை எடுக்கப் போனேன், வெட்டிய புல் குவியல்தான் மிச்சம். விதையின் நிறமும் அதன் மேல்முள்ளும் சாவியில் வரும், அது இல்லாமல் விவரம் பாதியில் நிற்கிறது. யார் பொறுப்போ அவர்களுக்கு எழுதினேன், அட்டவணைப்படி வெட்டினோம் என்று ஒரு வரிப் பதில்.

மே மாதம் புல் வெட்டாதீர்கள் என்று பிளான்ட்லைஃப் அமைப்பு சில வருடமாகப் பிரச்சாரம் செய்கிறது. நல்ல காரியம்தான், நான் எதிரி இல்லை. ஆனால் டேன்டிலயன் உச்சத்தில் இருப்பது ஏப்ரலில். மே வரை பொறுமை இல்லாமல் ஏப்ரல் கடைசியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு மே முழுவதும் புண்ணியம் தேடுகிறவர்களை என் தெருவிலேயே காட்டுவேன்.

நவம்பர் 17, 2024, ஞாயிறு

பதில் வந்தது. நிபுணர்கள் தாள்களைக் குளிர்காலத்தில்தான் பார்ப்பார்கள், வசந்தத்தில் அவர்களும் எங்களைப் போல வெளியே களத்தில்தான். சுருக்கம் இதுதான்: இங்கே பதிவான எதோடும் பொருந்தவில்லை, நெதர்லாந்துத் தாள்கள் சிலவற்றுக்கு நெருக்கம், ஆனால் விதை இல்லாமல், ஒரே வருடத்துத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட மாட்டேன், அடுத்த வசந்தம் மறுபடி எடு, முடிந்தால் விதையும்.

நியாயமான பதில். பெயர் எழுதி அனுப்பியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஒருமுறை அச்சில் ஏறிய பெயரைப் பிறகு நீக்குவது எவ்வளவு பாடு என்று பட்டியல்களைப் புரட்டினாலே தெரியும்.

விதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு செயின்ட் கில்டாதான் சாட்சி. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம், கடைசி 36 பேரும் 1930-இல் வெளியேறிவிட்டார்கள். அங்குள்ள ஹிர்டா தீவிலிருந்து எடுத்துவந்த விதையை எடின்பரோ தாவரவியல் பூங்காவில் வளர்த்துப் பார்த்தபோது அது எங்கேயும் பதிவாகாத டேன்டிலயன் என்று தெரிந்தது. 2012-இல் டாராக்சகம் பாங்க்ஹர்ஸ்டியானம் என்று பெயர் வைத்தார்கள், தாவரவியலாளர் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்டைக் கௌரவிக்க. தாயின் நகலே முளைப்பதால், தொட்டியில் வளர்ந்ததை வைத்துத் தீவில் இருப்பதைப் பேசலாம். வேறு செடியில் இப்படிச் செய்ய யோசிப்பார்கள்.

என் ரவுண்டானாச் செடி அப்படி அந்த மண்ணுக்கே உரிய வகை இல்லை. உறுதியானாலும் வந்தேறி என்ற கணக்கில்தான் சேரும். சிலருக்கு அது இரண்டாந்தரப் புதுசு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வருடம், எந்த மண்ணோடு வந்தது என்று சொல்ல முடிகிற செடி எத்தனை இருக்கிறது?

ஏப்ரல் 12, 2025, சனி

இருக்கிறது. ரவுண்டானாவில் மட்டுமல்ல, சாலையின் எதிர்ப்பக்கம் வேலியோரத்திலும். அதே மடங்கிய செதில், அதே பச்சைக் காம்பு, தட்டினால் தூள் இல்லை. வேலியோரத்தில் இருப்பவை புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்டாது, அதுதான் பெரிய நிம்மதி. புதிதாகத் தாள் எடுத்தேன், இந்த முறை செதிலைப் பக்கவாட்டில் படமும் பிடித்தேன்.

மே 4, 2025, ஞாயிறு

விதை கிடைத்தது. வைக்கோல் பழுப்பு, மேலே குட்டி முட்கள், நுனிக்கூம்பு குட்டை. பாதியை நிபுணருக்கு உறையில் போட்டாயிற்று, அவர் நெதர்லாந்துக்காரர்களுக்கும் கொஞ்சம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மீதியைப் பின்கட்டில் தொட்டியில் விதைத்திருக்கிறேன். புல்தரையில் ஒரு டேன்டிலயன் தெரிந்தால் களைக்கொல்லியோடு ஓடிவருகிற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், வேலிக்கு இந்தப் பக்கம் அடிக்க வேண்டாம் என்று. இதைக் காசு கொடுத்து வாங்கினாயா என்று கேட்டார்.

அடுத்த வாரம் பாலம் தாண்டி 66 பக்கம். அங்கேயும் ஒரு புதுக் குடியிருப்பு, அதே மாதிரி புல்.