அடியில் இருக்கிற அந்த ஒற்றை வரி

பழைய நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பகுதியைத்தான். அங்கே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். ஆசைப்பட்டுப் போட்ட வரி இல்லை, சட்டத்துக்காகப் போட்டது. இந்தியாவில் அச்சாகிற எந்தப் புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் இருந்தே ஆக வேண்டும் என்று 1867இல் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சி முடிந்து பத்து வருசம் ஆகியிருந்தது. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள அரசு விரும்பியது. அன்றைக்குப் போலீசுக்காகப் போட ஆரம்பித்த வரிதான் இன்றைக்கு எனக்கு வழிகாட்டி.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. ஈரோட்டில் பிரப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா அச்சகம் வைத்திருந்தார். ஒரு ட்ரெடில் மிஷின், எழுத்து கோக்கிற கம்போசிங் வேலைக்கு இரண்டு ஆள், மரக் கேஸ்களில் ஈய எழுத்து. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோன்பு நோட்டீஸ், மஞ்சள் மண்டிகளுக்குப் பில் புக். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிப் பார்ப்பேன். இப்போது திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் கோவைக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே ஓர் அறக்கட்டளை நடத்துகிற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. மாடியில் அதன் நூலகம். மேசை ஒன்றுதான், ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனதும் கையைக் கழுவித் துடைக்கச் சொல்வார். கையுறை கேட்டால் தர மாட்டார். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும் என்பார். பேனா உள்ளே வரக்கூடாது, பென்சில் மட்டும். பிறகு, "எந்தப் பொட்டிங்க வேணும், சினிமாவா, சங்கமா, வெவசாயமா?" என்று கேட்பார். புத்தக அலமாரிகள் தனியாக இருக்கின்றன. நான் போவது பெட்டிகளுக்காக.

சினிமாப் பெட்டியில் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்றவை. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு, கதை சூடு பிடிக்கிற இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. கோயமுத்தூரில் இந்தத் தாள்கள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு பின்கதை உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அவர் மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் நடத்தினார். படம் காட்டுகிறவரிடமே அச்சகமும் இருந்தது என்பது சின்ன விசயம் இல்லை. படம் ஊருக்கு வருவதற்கு முன்னால் நோட்டீஸ் வர வேண்டும். பின்னாளில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் கோவையில் இயங்கின, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வந்தது. அந்தக் காலத்துத் தாள்களின் அடி வரிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், சென்னை அச்சகங்களுக்கு நடுவே கோவையும் சேலமும் தலைகாட்டுவது தெரியும்.

எனக்கு நெஞ்சை அடைத்தது வேறொரு பெட்டியில். 'குடி அரசு' இதழ்கள். 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் பெரியார் தொடங்கிய வார இதழ். அச்சானது உண்மை விளக்கம் அச்சகத்தில். அச்சகத்தைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள், ஒரு சைவ மடத்துத் துறவி. பின்னாளில் அந்த இதழ் போன பாதையை நினைத்தால் நம்ப முடியாத தொடக்கம். அப்போது பெரியார் காங்கிரஸில் இருந்தார், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த வருசக் கடைசியில் காஞ்சிபுரம் மாநாட்டில் கட்சியை விட்டு வெளியேறினார்.

1933 அக்டோபர் 29 இதழ் தலையங்கத்தின் தலைப்பு, 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' அதற்காக வழக்கு வந்தது. பெரியாரோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். காரணம், பதிப்பாளர் என்று இதழில் அவர் பெயர் இருந்தது. 1921இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரோடு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போன அதே கண்ணம்மாள். தலையங்கம் எழுதியவரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அடி வரியில் பெயர் போட்டதற்காக ஒரு பெண் ஜெயிலுக்குப் போனது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லாத வரலாறு. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரு போட்டா பொறுப்பு கண்ணு. அது தெரிஞ்சுதானே போட்டிருப்பாங்க" என்றார்.

அந்தப் பெட்டியில் இன்னொன்றும் கவனித்தேன். 1933 கடைசியில் 'குடி அரசு' நின்றுபோய், 'புரட்சி' என்ற பெயரில் இதழ் வருகிறது. அதுவும் நிற்கிறது. 'பகுத்தறிவு' வருகிறது. 1935 ஜனவரியில் மறுபடி 'குடி அரசு'. அரசின் அடியைப் பெயர் மாற்றி மாற்றித் தாங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்த அந்த இதழ்களில் எழுத்தும் மாறியிருந்தது. தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை', சுழித்து முடிகிற 'றா', 'னா' போய், இன்றைக்கு நாம் எழுதுகிற வடிவம் வந்துவிட்டது. அரசு அதை ஏற்க 1978 வரை ஆனது. அரசாணை வந்தபோது அப்பாவின் கேஸில் பழைய எழுத்து நிறையக் கிடந்தது, தேயும்வரை ஓட்டினாராம்.

இதனால் ஒரு வசதி உண்டு. தேதி இல்லாத தாளாக இருந்தாலும் எழுத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். கல்யாணப் பத்திரிகைப் பெட்டியை ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். நம் பக்கத்துப் பத்திரிகைகள்தான். குலதெய்வத்தின் பெயர், சீர்க்காரர்கள், மாமன் மச்சான் வரிசை. எல்லாம் பழைய எழுத்து. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. தெய்வத்தின் பெயர் இல்லை, 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று தலைப்பு, சீர்திருத்த எழுத்து. 1950களின் பத்திரிகை. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணா ஆட்சியில்தான் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குப் பத்து வருசத்துக்கும் முன்னால், சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமல் ஒரு குடும்பம் இந்த அட்டையைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறது. அச்சகத்தில் எழுத்து கோத்தவரும் அரசு எழுத்தை விட்டுவிட்டு அவர்கள் கேட்ட எழுத்தில் கோத்துக் கொடுத்திருக்கிறார். அட்டையைத் திருப்பி விரலால் தடவினேன். பின்பக்கம் எழுத்து புடைத்திருந்தது, ட்ரெடிலில் அழுத்தி அடித்த அடையாளம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை ராஜாஜி தொடங்கியதும் 'குடி அரசு' தொடங்கிய அதே 1925இல்தான். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு மாத இதழ் நடத்தினார். துணைக்கு இருந்தவர் கல்கி. பத்து இதழ்தான் வந்தது. 1937இல் ராஜாஜி முதல்வரானதும் மதுவிலக்கு முதலில் வந்த மாவட்டம் சேலம். திருச்செங்கோடு அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பத்து இதழோடு நின்ற பத்திரிகையைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் இந்தத் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

விவசாயப் பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எடுத்தேன், முடியவில்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தோட்டங்களுக்குக் கம்போடியா பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. பருத்தியோடு பூச்சியும் வந்ததால், அறுவடை முடிந்தால் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடியை, பிடுங்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தியது. பயிரைத் தாக்கும் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் என்று 1919இல் வந்த சட்டம் அதற்குக் கை கொடுத்தது. அதைப் பற்றிய ஒரு துண்டுத்தாளைத் திருப்பினால், பின்பக்கம் பென்சிலில் யாரோ பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். நாழி, அரைப்படி, ஓர் ஆத்தாளின் பெயர். மேல் ஓரத்தில் ஆணியில் குத்திய ஓட்டை. இந்தத் தாள் பிழைத்ததே அந்தப் பால் கணக்கால்தான்.

மில்களைப் பற்றி இரண்டு விதமான தாள் இருக்கிறது. ஒன்று வெள்ளி விழா மலர். வழவழப்பான ஆர்ட் பேப்பர், முதலாளிகளின் படங்கள், இயந்திரங்களின் படங்கள், இன்றைக்கும் புதுசு கெடவில்லை. இன்னொன்று தொழிற்சங்கத்தின் துண்டறிக்கை. மலிவான மரக்கூழ்த் தாள், அதிலுள்ள அமிலமே அதைத் தின்றுவிடும். தொட்டால் ஓரம் பொடியாகிறது. சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நால்வரை, ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவை ஜெயிலில் தூக்கில் போட்டார்கள். நான் பார்த்த மலர்களில் இது ஒரு வரிகூட இல்லை. துண்டறிக்கைகளில் இருக்கிறது. எது முதலில் அழியும் என்று தாளைப் பார்த்தாலே தெரிகிறது. இருக்கிற கொஞ்சம் பணத்தை முதலில் துண்டறிக்கைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். ஜப்பானியத் திசுத்தாள் ஒட்டி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தாங்க முடியாதது பைண்டிங்கில் நடக்கிற கொடுமை. பல நூலகங்களில் பத்திரிகையை வருசவாரியாகக் கட்டும்போது மேலட்டையைப் பிய்த்துவிட்டு, ஓரத்தை வெட்டிச் சமன் செய்கிறார்கள். விளம்பரம் அட்டையில் இருந்தது. விலை அட்டையில் இருந்தது. அச்சகத்தின் பெயரும் சில சமயம் அட்டையில் மட்டும்தான் இருந்தது. உள்ளடக்கத்தைக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டு, பம்பு செட் என்ன விலை, யார் விற்றார், எந்த ஊரில் யார் அச்சடித்தார் என்ற அத்தனையையும் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாக வாசகசாலை முத்திரைகளை யாரும் அழிப்பதில்லை. ஊதா மையில் முட்டை வடிவ முத்திரை. பாரதி இறப்பதற்குச் சில வாரம் முன்பு, 1921இல், ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் வந்து பேசினார். அப்படிப்பட்ட வாசகசாலைகள் நம் ஊர்களில் எத்தனை இருந்தன, எவ்வளவு பேர் அங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்பதற்கு இந்த முத்திரைகளே சாட்சி. நான் ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்களை எழுதி வருகிறேன். காங்கேயம், தாராபுரம், கோபி என்று சேர்ந்துகொண்டே போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் நம் பக்கத்து ஆட்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அப்பாரு காலத்து டிரங்குப் பெட்டியைக் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, மில் போனஸ் நோட்டீஸ், நாடக நோட்டீஸ், 1978க்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை, ரேசன் கார்டு, எல்லாம் வேண்டும். லேமினேசன் செய்ய வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம், ஸ்டேப்ளர் பின் இருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். யார் வீட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் படம் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்கு எழுதினால் எங்கே கொண்டுவருவது என்று சொல்கிறேன். படம் மட்டும் அனுப்புகிறவர்கள் தாளின் அடிப்பகுதி ஃபிரேமுக்குள் வருகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.