28-க்குப் பக்கத்தில்

ஜூன் 4
குருத்தெலும்பு செல்கள் இன்னும் உருண்டையாகத்தான் இருக்கின்றன. முதல் பாசேஜை, அதாவது முதல் பிளாஸ்க் மாற்றத்தை, தாண்ட விடமாட்டேன். தாண்டினால் நீண்டு மெலிந்து, செய்யும் கொலாஜனே வேறாகிவிடும். இன்று செல்களுக்குத் தீனியான சீரத்தை எடுத்துவிட்டேன். நான் தேடுவது செல் விடும் டிம்ப், கொலாஜனைத் தின்னும் நொதியை அடக்கும் புரதம். சீரம் இருந்தால் அதிலுள்ள ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் என்ற புரதமும் அந்த நொதியை அடக்கும். செல் விட்டது எது, மாட்டு ரத்தத்தில் வந்தது எது என்று எப்படிச் சொல்வது? 48 மணி நேரம் பட்டினி.

ஜூன் 5
அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. அவள் சொல்லவில்லை. போனில் மூச்சு வாங்கியதில் தெரிந்தது.

ஜூன் 7
ஒன்றுமே இல்லை. ஜெலட்டினும் நொதியும் கலந்த ஜெல்லில் டிம்ப் இருக்கும் இடம் மட்டும் நீலமாக மிஞ்ச வேண்டும். முழுக்க வெளுப்பு.

ஜூன் 8
தூக்கமில்லை. தெரிந்த டிம்ப்பை ஸ்டாண்டர்டாகப் போட்ட லேனும் காலி, அப்படியானால் செல் மேல் தப்பில்லை என்று நாலு மணிக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மெர்காப்டோஎத்தனால் கலந்த பஃபரை எடுத்திருக்கிறேன். சூடு, அமிலம் எல்லாம் தாங்கும் டிம்ப்-1. ஆனால் அதன் உருவம் நிற்பதே 6 கந்தகப் பிணைப்புகளில். நானே அவற்றை அறுத்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

ஜூன் 10
அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் 'தேய்மானம்' என்றாராம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். செருப்பா தேய்வதற்கு? குருத்தெலும்பு செல்களே கொலாஜனை அறுக்கும் கொலாஜனேஸ் நொதியை விடுகின்றன, அவையே டிம்ப்பையும் விடுகின்றன. ஒரு நொதிக்கு ஒரு டிம்ப் என்று போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க ஆள் பத்தாதபோதுதான் அரிப்பு. 1962-இல் கிராஸும் லாப்பியேரும் இவ்வகை நொதியை முதலில் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். வாலைக் கரைக்கும் வேலை அம்மாவின் முழங்காலில் எதற்கு?

ஜூன் 11
கடைசி பிளாஸ்க். சீரம் எடுத்தாயிற்று.

ஜூன் 13
இந்த முறை பஃபரை நானே புதிதாகக் கலந்தேன். கொதிக்க வைக்கவில்லை. ஜெல்லை டிரைட்டான் சோப்பில் கழுவி, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க. அம்மா போனை எடுக்கவில்லை.

ஜூன் 14
வந்துவிட்டது!

கூமாசி நீலச்சாயம் வெளுக்க வெளுக்க, 28-க்குப் பக்கத்தில் (கிலோடால்டன், புரதத்தின் எடை), டிம்ப்-1-இன் இடத்தில், முதலில் நிழல் மாதிரி, பிறகு நல்ல நீலமாக ஒரு பட்டை. கீழே 21-இல் இன்னொன்று, டிம்ப்-2. சுற்றிலும் ஜெலட்டினை நொதி தின்று தீர்த்திருக்கிறது, இந்த இரண்டு இடத்தில் மட்டும் வாய் வைக்க முடியவில்லை. வெளிச்சப் பெட்டி முன்னாலேயே நின்று அழுதேன். அம்மாவைக் கூப்பிட்டு "ரெண்டு நீலக்கோடும்மா" என்றேன். "நல்லதுதானே கண்ணு?" என்றாள்.

ஜூன் 17
அம்மாவை நாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி பஸ். ஜெல் செல்லோஃபேன் தாளுக்குள் காய்கிறது, இன்னும் ஓரம் ஈரம்.