வாய் திறக்காத மீன்

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் மீன் எண்ணும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நீச்சல் தெரியும், மீன் தெரியாது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் முயல் தீவு, மனோலி, குருசடை ஆகிய மூன்றும் எங்கள் குழுவுக்கு வந்தன. பார் எனப்படும் பவளத் திட்டின்மேல் 50 மீட்டர் நாடாவை விரித்து, இருபுறமும் தென்படும் மீன்களைப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். களவாவும் கிளிமீனும் தனியாக வரும், எண்ணிவிடலாம்.

திணறடித்தது கார்டினல் மீன்தான். விரல் நீளம் இருக்கும். பெரிய கண், முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு. பகலெல்லாம் மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே கூட்டமாக, அசையாமல் மிதக்கும். கொஞ்சம் நெருங்கினால் மொத்தமும் கிளைக்குள் போய்விடும். பத்து மீன் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள், அப்படி எத்தனை பத்து என்று பார் எனச் சொல்லிக் கொடுத்தார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கலங்கிவிடும், அப்போது அதுவும் கைகொடுக்காது.

அடுத்தடுத்த நாட்களில் அதே பவளத்தில் அதே அளவு கூட்டத்தைப் பார்த்தபோது தற்செயல் என்றே நினைத்தேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இருட்டியதும் இவை வெளியே பரவி மிதவை உயிரிகளைத் தின்னும். விடியும்போது பழைய இடத்துக்கே திரும்பி வரும்.

ஒருநாள் இனம் அறிவதற்காக, அனுமதியோடு, கைவலையில் ஒன்றைப் பிடித்து வாளியில் விட்டேன். அதன் தாடை உப்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு உருண்டை வெளியே வந்தது. வள்ளம் ஓட்டிய அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நம்ம கெளுத்தி மாதிரிதான் தம்பி. வாயில முட்டை வச்சிருந்திருக்கு. பயந்து துப்பிருச்சு."

கடல் கெளுத்தியைப் போலவே இதிலும் ஆண்தான் முட்டையைச் சுமக்கும். நூல் போன்ற இழைகளால் ஒட்டிய அந்த உருண்டையை, குஞ்சு பொரியும்வரை இரை எடுக்காமல் வாயிலேயே வைத்திருக்கும். உடனே மீனையும் முட்டையையும் எடுத்த இடத்திலேயே விட்டேன். மீன் கிளைக்குள் ஓடிவிட்டது. உருண்டை மணலில் கிடந்தது. அது திரும்பி வந்து எடுக்குமா என்று மூச்சு தாங்கும்வரை பார்த்தேன். எடுக்கவில்லை. அன்று மாலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன்பிறகு கைவலையைத் தொடுமுன் ஒவ்வொரு மீனின் தாடையையும் பார்ப்பேன்.

2016 கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நாங்கள் வழக்கமாக நாடா விரிக்கும் இடத்தில் மான்கொம்புக் கிளைகள் செத்து, பாசி பிடித்து, ஒவ்வொன்றாக ஒடிந்தன. விடியற்காலை திரும்பி வரும் மீன் அங்கே எதற்குள் நுழையும்? பலகையில் கார்டினல் மீனுக்கு நேரே பூஜ்யம் போட மனம் வரவில்லை. போட்டேன், அதுதான் கணக்கு.

நாடாவைச் சுருட்டும்போது, அளவெல்லைக்கு வெளியே, உயிரோடு மிஞ்சிய ஒரு பவளத்தில் சின்னக் கூட்டம் ஒன்று நின்றது. இரண்டு மூன்றின் தாடை உப்பியிருந்தது. எல்லைக்கு வெளியே இருப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சரி, படிவத்தின் ஓரத்தில் தனியாக எழுதி வைத்தேன்.